கார் நிற்கும் சிமென்ட் தரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன்ஸ் பக்கத்தில் எங்கள் வரிசை வீடு. அதன் முன்னால் கார் நிற்கும் தரையை நானே இரண்டு முறை பூசியிருக்கிறேன். முதல் முறை நான்கு மாதத்தில் உரிந்தது. 2019இல் பூசியது இன்னும் நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு மாமன் மச்சான் முதல் எதிர்வீட்டுக்காரர் வரை கேட்ட கேள்விகளுக்கு வாய் வலிக்கப் பதில் சொல்லி அலுத்துப்போய், எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறேன். நான் பொறியாளன் அல்லன், கொத்தனாரும் அல்லன். கணக்கு எழுதிப் பிழைப்பவன். நட்டம் வந்தால் காரணம் தேடாமல் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் கராஜ் ஏது?

கதவு மூடிய கராஜ் இங்கே அபூர்வம்தான். நம்மில் முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறோம். அவர்களுடைய கார் அடுக்குமாடி நிறுத்துமிடத்தில் நிற்கிறது. அந்தத் தரையின் கவலை அவர்களுக்கு இல்லை. நான் சொல்வதெல்லாம் தரைவீடுகளின் கார் போர்ச் பற்றி. மேலே கூரை, பக்கங்கள் திறப்பு, முன்னால் கேட். சாரல் அடித்தால் பாதித் தரை நனையும். மாலை வெயில் சாய்ந்து உள்ளே வரும். வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டுவது நான்கு பக்கமும் மூடிய, உலர்ந்த கராஜ். அங்கே சொல்லும் யோசனைகளில் பாதி இங்கே பலிக்காது.

பூச்சு கட்டாயமா? வெறும் சிமென்ட்டாகவே விட்டால் என்ன?

விடலாம். தாராளமாக விடலாம். கான்கிரீட் உறுதியான பொருள்தான். ஆனால் உடம்பெல்லாம் நுண்துளை. எண்ணெய் சொட்டினால் குடித்துவிடும், மேற்பரப்பு தேய்ந்தால் மாவாக உதிரும். மாவு உதிர்வது மட்டுமே உங்கள் தொல்லை என்றால் லித்தியம் சிலிக்கேட் வகைத் திரவம் போதும். கான்கிரீட்டில் மிச்சமிருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடுடன் அது வினைபுரிந்து, சிமென்ட்டுக்கு வலுக்கொடுக்கும் அதே வகைச் சேர்மமாக மாறித் துளைகளை அடைக்கிறது. மேலே படலம் எதுவும் இல்லாததால் உரிவதற்கும் ஒன்றுமில்லை. இதைச் சோம்பேறிகளின் வழி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது புத்திசாலிகளின் வழியாகவே படுகிறது.

நான் அதோடு நிற்கவில்லை. நிறம் வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. 2023 அக்டோபரில் பெரிய காருக்கான வாகன உரிமைச் சான்றிதழ் மட்டும் ஏலத்தில் 150,001 வெள்ளிக்குப் போன ஊர் இது. காருக்கு இப்படிக் கொட்டிக்கொடுக்கும் ஊரில் அது நிற்கும் தரைக்கும் கொஞ்சம் செலவழிக்கலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன்.

முதல் முறை ஏன் உரிந்தது?

2016 தீபாவளிக்கு முந்தைய வாரம். வெள்ளிக்கிழமை மாலை உயர் அழுத்தக் குழாயால் தரையைப் பளிச்சென்று கழுவினேன். சனிக்கிழமை காலை தொட்டுப் பார்த்தேன், காய்ந்ததுபோல் இருந்தது. ஒரே டின்னில் வரும் சாம்பல் நிறத் தரை பெயின்ட்டை உருளையால் இரண்டு முறை ஓட்டினேன். தீபாவளிக்கு வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். தைப்பூசம் வருவதற்குள் சக்கரம் நிற்கும் நான்கு இடங்களிலும் டயர் அகலத்துக்குப் பெயின்ட் பெயர்ந்து டயரோடு போய்விட்டது.

நடந்தது இது. விரைவுச்சாலையில் ஓடி வந்த டயர் சூடாக இருக்கும். அதன் ரப்பரில் உள்ள மென்மையூட்டும் எண்ணெய்கள் பெயின்ட்டுக்குள் ஊறி அதை இளக்கும். டயர் ஆறும்போது சற்றுச் சுருங்கி, இளகிய படலத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். மறுநாள் காரை எடுக்கும்போது படலமும் கூடவே வரும். நல்ல பிடிப்பு இருந்திருந்தால் இதையும் தாங்கியிருக்கும். என் தரையில் பிடிப்பே இல்லை: பளபளப்பாக இழைத்த பழைய மேற்பரப்பு, அதற்குள் முந்தைய நாள் ஏற்றிய தண்ணீர், அதன்மேல் பெயின்ட். டின்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

தரைக்குள் ஈரம் இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

கையால் தொட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. தடித்த, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி நாடா ஒட்டித் தரையில் பதியுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். நான் ஒரு முழு நாள் விடுவேன். பிரித்ததும் தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ கீழிருந்து ஈரம் ஏறுகிறது. கேட் ஓரம், வீட்டுச் சுவர் ஓரம், நடுப்பகுதி என்று மூன்று இடங்களிலாவது செய்யுங்கள். என் வீட்டில் நடுப்பகுதி தேறியது. பூச்செடித் தொட்டியை ஒட்டிய ஓரம் தேறவில்லை. தினமும் செடிக்கு ஊற்றிய தண்ணீர் அடிவழியாகத் தரைக்குள் போய்க்கொண்டிருந்தது. தொட்டியின் உட்புறத்துக்கு நீர்க்காப்புப் பூச்சு கொடுத்த பிறகுதான் நின்றது.

பழைய வீடுகளில் தரைக்கடியில் ஈரத் தடுப்புத் தாள் விரித்திருப்பார்கள் என்று நம்பிவிடாதீர்கள். மண்ணில் ஈரத்துக்குக் குறைவில்லாத ஊர். அந்த ஈரம் ஆவியாக மேலே வரும். மூச்சுவிடாத பூச்சைப் போட்டு மூடினால் கொப்புளமாகக் கிளம்பும். தாள் சோதனையில் தொடர்ந்து தோற்கும் தரைக்கு ஈரத்தைத் தாங்கும் தனி அடிப்பூச்சு உண்டு. அது வேண்டாம் என்றால் படலம் போடும் ஆசையை விட்டுவிடலாம்.

இன்னொரு எளிய சோதனை: நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தரை உறிஞ்சிக் கறுத்தால் நல்லது. தாமரை இலையில் நிற்பதுபோல் முத்தாக நின்றால் எண்ணெயோ பழைய பூச்சோ மேலே இருக்கிறது.

புதிதாகப் போட்ட கான்கிரீட் எத்தனை நாளில் தயாராகும்?

எல்லாரும் 28 நாள் என்பார்கள். அது வலுவை அளக்கும் கணக்கு. உலர்வின் கணக்கு அன்று. முதல் ஒரு வாரம் தண்ணீர் கட்டி ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் உலரவே தொடங்கும். நம் ஊர்க் காற்றில் அது மெதுவாகத்தான் நடக்கும். 28 நாள் ஆனபின் தாள் சோதனை செய்து, தேறும்வரை காத்திருங்கள்.

ஆசிட் ஊற்றுவதா, கிரைண்டர் போட்டுத் தேய்ப்பதா?

கிரைண்டர். யோசிக்கவே வேண்டாம்.

ஏன் என்று கேட்பவர்களுக்கு: கான்கிரீட் போடும்போது கரணையால் இழைக்க இழைக்க, சிமென்ட் பாலும் நுண்மணலும் தண்ணீரும் மேலே மிதந்து வந்து ஒரு மெல்லிய பொருக்காகக் காயும். பார்க்க வழவழப்பு, உள்ளே வலுவில்லை. அதன்மேல் எவ்வளவு உயர்ந்த எப்பாக்ஸியை (பிசினையும் இறுகுபொருளையும் கலந்து பூசும் பூச்சு) பூசினாலும் அது பிடித்திருப்பது அந்தப் பொருக்கைத்தான். பொருக்கு கழன்றால் பூச்சும் கழலும். அதை எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் உறுதியான பகுதியை வெளியே கொண்டுவருவதுதான் தயாரிப்பு என்பதன் முழுப்பொருள்.

ஹைட்ரோகுளோரிக் ஆசிடும் அந்தப் பொருக்கைக் கரைக்கும். ஆனால் எண்ணெயை அது தொடாது, பழைய பெயின்ட்டையும் தொடாது. எண்ணெய் இருக்கும் இடத்தில் அரிக்காமலும் சுத்தமான இடத்தில் நன்றாக அரித்தும் திட்டுத்திட்டாக விட்டுப்போகும். பிறகு சோடா உப்புக் கரைசலால் முறித்து, பலமுறை கழுவ வேண்டும். உப்பு எச்சம் துளைகளில் நின்றால் பிடிப்பு கெடும். குளோரைடு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். ஆவியோ, பக்கத்தில் நிற்கும் இரும்புக் கேட்டையும் மிதிவண்டியையும் துருப்பிடிக்கச் செய்யும். உலர்த்த வேண்டிய தரைக்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவது வேறு.

இந்த ஊரில் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வீட்டு முன்னால் ஓடும் மழைநீர் வடிகால் கழிவுநீர்க் குழாய் அன்று. தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. வடிகாலில் விழுவது கால்வாய் வழியாக நீர்த்தேக்கத்துக்குப் போய் நம் குடிநீராகத் திரும்பி வருகிறது. அதற்குள் ஆசிட் கழுவிய தண்ணீரையோ, சிமென்ட் கரைசலையோ, பெயின்ட் உருளை அலசிய தண்ணீரையோ விடுவது சட்டப்படி குற்றம். குற்றமாக இல்லாவிட்டாலும் செய்யக்கூடாத காரியம். எங்கள் தெருவில் ஒருநாள் வடிகால் முழுக்கப் பால்போல் ஓடியது. யார் வீட்டு வேலை என்று கேட்டபோது எல்லார் வீட்டுக் கதவும் மூடியிருந்தது.

எதற்காகவும் ஆசிட் எடுக்க நேர்ந்தால், தண்ணீரில் ஆசிடை ஊற்ற வேண்டும். ஆசிடில் தண்ணீரை ஊற்றவே கூடாது. கொதித்து முகத்தில் தெறிக்கும்.

கிரைண்டர் வேலையை நானே செய்யலாமா? தூசி?

சின்னத் தரை என்றால் கையில் பிடிக்கும் ஏழு அங்குல கிரைண்டரில் வைரத் துகள் பதித்த கிண்ணச் சக்கரத்தை மாட்டிச் செய்யலாம். இரண்டு கார் நிற்கும் இடம் என்றால் தள்ளிக்கொண்டு போகும் இயந்திரத்தை வாடகைக்கு எடுங்கள்; முதுகு மிஞ்சும். கையில் தடவிப் பார்த்தால் 80ஆம் எண் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு வர வேண்டும். மணலும் சிறு ஜல்லியும் லேசாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கினால் போதும்.

தூசியை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கான்கிரீட் தூசியில் சிலிக்கா படிகத் துகள் இருக்கிறது. நுரையீரலில் படிந்தால் வடுவாகிவிடும். அந்த வடு ஆறாது. கட்டுமான வேலைக்கு இங்கே வரும் நம் ஊர்ப் பையன்கள் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு தேய்ப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். துணி இந்தத் தூசியைத் தடுக்காது. என்95 முகக்கவசமோ அதைவிட மேலானதோ வேண்டும். கிரைண்டரைச் சுற்றி உறை, அதிலிருந்து நுண்வடிகட்டி உள்ள தூசி உறிஞ்சிக்கு ஒரு குழாய். ஆள் வைத்துச் செய்தாலும் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டியிருக்கிறது.

எண்ணெய்க் கறை?

தேய்ப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும். முதலில் தேய்த்தால் எண்ணெயை இன்னும் பரப்புவீர்கள். புதுக் கறைக்கு மரத்தூளோ பூனை மணலோ போட்டு உறிஞ்சவிடலாம். பழைய கறைக்கு எண்ணெய் நீக்கும் காரக் கரைசலை ஊற்றி, கெட்டித் தூரிகையால் தேய்த்து, அழுக்கு நீரை ஈர உறிஞ்சியால் எடுங்கள். சொட்டுத் தண்ணீர் சோதனையில் தரை உறிஞ்சும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். எனக்கு ஒரு கறைக்கு நான்கு முறை ஆயிற்று. இருபது ஆண்டு எண்ணெய் குடித்த தரை சில இடங்களில் திருந்தவே திருந்தாது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துக் கலவை போடுவதே மலிவு.

விரிசல்களை அடைத்துவிட்டுப் பூசினால் போதுமா?

எந்த விரிசல் என்பதைப் பொறுத்தது. தலைமுடி போல் ஓடுவது பெரும்பாலும் கான்கிரீட் உலர்ந்து சுருங்கியபோது வந்தது. அகலப்படுத்தி எப்பாக்ஸிப் பசையால் நிரப்பினால் முடிந்தது. ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் உயர்ந்து நிற்கும் விரிசல் வேறு சாதி. வீடு ஆழமான தூண் அடித்தளத்தில் நிற்கும். கார் நிற்கும் தரை வெறும் மண்மேல் கிடக்கும். கீழே மென்மையான கடற்களிமண் உள்ள பகுதிகளில் வீடு அசையாமல் இருக்க, தரை மட்டும் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வீட்டுச் சுவரை ஒட்டி இடைவெளி தெரிந்தால் அதுதான் கதை. அதை விறைப்பான பசையால் நிரப்பினால் பக்கத்திலேயே இன்னொன்று வெடிக்கும். இறக்கம் நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ள, விரிசலின் இரு கரையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி ஆறு மாதம் பாருங்கள். அசைகிறது என்றால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். பெயின்ட் கடைக்குப் போகாதீர்கள்.

தரையை வார்க்கும்போதே வேண்டுமென்று விட்ட இணைப்புக் கோடுகளை விறைப்பான பசையால் அடைக்கக்கூடாது. அவற்றில் வளைந்துகொடுக்கும் பாலியூரித்தேன் அடைப்பான்தான் போக வேண்டும்.

தண்ணீர் தேங்கும் பள்ளங்கள்?

பூச்சு பள்ளத்தை நிரப்பாது. வாளித் தண்ணீரை ஊற்றி, கால் மணி நேரம் கழித்து எங்கே நிற்கிறது என்று சாக்பீஸால் வட்டம் போடுங்கள். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டமாவது வடிகாலை நோக்கி இருக்க வேண்டும். பள்ளத்தைப் பாலிமர் கலந்த கலவையால் சரிசெய்த பிறகே பூச்சு. தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் டெங்கி ஒருபக்கம், தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரி தரும் அபராதம் ஒருபக்கம். வேலைக்கு வைத்த வாளிகளையும் கவிழ்த்து வையுங்கள்.

எந்தப் பூச்சு நல்லது?

ஒரே டின்னில் வரும் தரை பெயின்ட்: என் கதையைப் படித்தீர்கள்.

நீரில் கரையும் இரு பாக எப்பாக்ஸி: வாசம் குறைவு, பூசுவது எளிது, ஆனால் படலம் மெல்லியது. கார் நிற்கும் இடத்துக்கு மேல்பூச்சாக எனக்கு மனம் ஒப்பவில்லை. அடிப்பூச்சாக நன்று.

கரைப்பான் இல்லாத இரு பாக எப்பாக்ஸி: தடிமனாக நிற்கும், கான்கிரீட்டை நன்றாகப் பிடிக்கும், எண்ணெய் ஏறாது. அதற்கு ஒரு பலவீனம், வெயில். புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளடித்து, நாளடைவில் மேலே சுண்ணாம்புபோல் பூக்கும். மூடிய கராஜில் இது தொல்லையே இல்லை. நம் போர்ச்சில் கேட்டுக்குப் பக்கத்து ஒரு மீட்டர் ஒரே ஆண்டில் நிறம் மாறிவிடும். ஆகவே மேலே வெயில் தாங்கும் அலிஃபாட்டிக் வகைப் பாலியூரித்தேன் ஒரு பூச்சு வேண்டும். வாங்கும்போது "அலிஃபாட்டிக்" என்ற சொல் விவரத் தாளில் இருக்கிறதா என்று தேடுங்கள். வெறும் பாலியூரித்தேன் என்றால் அதுவும் மஞ்சளாகலாம்.

பாலியஸ்பார்ட்டிக்: வெயிலைத் தாங்கும், சில மணி நேரத்தில் இறுகும். வேகம்தான் அதன் பெருமை. வீட்டில் செய்பவனுக்கு அதுவே வினை. நம் சூட்டில் உருளை ஓட்டத் திரும்புவதற்குள் ஓரம் இறுகிக் கோடு விழும். பழகிய ஆட்களுக்கு விட்டுவிடுங்கள்.

நான் போட்டது எப்பாக்ஸி அடிப்பூச்சு, தடித்த எப்பாக்ஸி ஒன்று, அலிஃபாட்டிக் மேல்பூச்சு ஒன்று.

எந்த மாதம், எந்த நேரம் பூசலாம்?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. என்ன நிறம் என்று பத்துப் பேர் கேட்டார்கள். எத்தனை மணிக்குப் பூசினீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆகவே இந்தக் கேள்வியை நானே போட்டுக்கொண்டேன்.

காற்றில் உள்ள நீராவி, குளிர்ந்த பரப்பைத் தொட்டால் துளியாகும். எந்த வெப்பநிலையில் துளியாகத் தொடங்குகிறதோ அது பனிநிலை. தரையின் வெப்பநிலை பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் மேலே இருக்கும்போதுதான் பூச வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பொதுவிதி. ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று பெரும்பாலான எப்பாக்ஸி டின்களில் எழுதியிருக்கும். இப்போது நம் காலைப் பொழுதை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று 25 டிகிரி, ஈரப்பதம் 95 விழுக்காடு என்றால் பனிநிலை ஏறக்குறைய 24. நிழலில் கிடக்கும் தரை 26 இருந்தாலும் இடைவெளி இரண்டே டிகிரி. கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் தரையில் இருக்கலாம். 2016இல் நான் பூசியது இப்படி ஒரு காலையில்தான்.

பிற்பகல் இரண்டு மணிக்குக் காற்று 31 டிகிரி, ஈரப்பதம் 65 விழுக்காடு என்று வையுங்கள். பனிநிலை 24க்குச் சற்றுக் கீழே. தரை 29 அல்லது 30. ஐந்தாறு டிகிரி கையில் இருக்கிறது.

அப்படியானால் காலை பத்து மணிக்கே தொடங்கி நிதானமாகப் பூசலாமே என்று தோன்றும். கூடாது. தரை சூடேறிக்கொண்டிருக்கும் நேரத்தில் துளைகளுக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும்; பூச்சில் ஊசி முனை போல் துளைகள் விழும். தரையின் சூடு உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கும்போது பூசினால் அந்தக் காற்று உள்நோக்கிப் போகும், பூச்சையும் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். ரொம்பத் தாமதித்தாலும் வம்பு: மாலை ஏழு மணிக்குப் பூசினால் இறுகுவதற்குள் இரவு ஈரம் வந்துவிடும். ஆகப் பகல் ஒன்றரை முதல் மூன்று வரை. அந்தச் சின்னச் சன்னல்தான் நமக்குக் கிடைப்பது. மேற்குப் பார்த்த வீடு என்றால் முந்தைய நாளே கித்தான் கட்டி வெயிலை மறையுங்கள். ஈரப்பதமும் வெப்பமும் காட்டும் சின்னக் கருவி, தரை வெப்பத்தைத் தூரத்திலிருந்தே காட்டும் துப்பாக்கி வடிவ வெப்பமானி, இரண்டும் ஜாலான் புசார் கடைகளில் அலைந்து வாங்கினேன். பெயின்ட்டைவிட அவற்றுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

மாதம் என்றால் பிப்ரவரி. வடகிழக்குப் பருவக்காற்றின் உலர்ந்த பகுதி அது. டிசம்பர், ஜனவரியில் நாள்கணக்கில் மழை. தீபாவளிக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று எல்லாரும் பறக்கும் அக்டோபர், நவம்பரில் சரியாக நமக்கு வேண்டிய பிற்பகல் நேரத்தில்தான் இடி மழை வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை சுமத்திராவிலிருந்து வரும் சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ முற்பகலிலோ அடித்துவிட்டுப் போகும். பிறகு வெளுத்தால் பூசலாம், புகைமூட்டம் இல்லாவிட்டால்.

பூசிய மறுநாள் வெள்ளையாக, பிசுபிசுப்பாக ஒரு படலம் வந்துவிட்டதே?

எப்பாக்ஸியின் இறுகுபொருளில் உள்ள அமீன், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்கும் உப்பு அது. வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் பாத்திரச் சோப்பும் போட்டுத் துடைத்தால் போய்விடும். அழுக்கு நீரை வாளியில் பிடியுங்கள். துடைக்காமல் அடுத்த பூச்சைப் போட்டால் அது உரியும்.

எவ்வளவு வாங்க வேண்டும்?

கடைக்காரர் கணக்கை நம்புவதைவிட இதை நினைவில் வையுங்கள்: ஒரு லிட்டர் ஒரு சதுர மீட்டரில் பரவினால் ஒரு மில்லிமீட்டர் தடிமன். கரைப்பான் இல்லாத எப்பாக்ஸியில் ஊற்றியது அப்படியே நிற்கும். கால் மில்லிமீட்டர் வேண்டுமென்றால் லிட்டருக்கு நான்கு சதுர மீட்டர். என் தரை 5.5 மீட்டருக்கு 5 மீட்டர், 27.5 சதுர மீட்டர். ஏறக்குறைய 7 லிட்டர். சொரசொரப்பு குடிப்பதற்கும் வாளியில் ஒட்டுவதற்குமாக நான் 8 லிட்டர் வாங்கினேன். டின்னில் ஆவியாகும் கரைப்பான் பாதி இருந்தால் காய்ந்த தடிமனும் பாதிதான். "மலிவு" என்பதன் இரகசியம் பல நேரம் இதுதான்.

கலக்கும்போது கவனிக்க வேண்டியது?

இரண்டு பாகங்களின் விகிதம். கண் அளவு கூடாது. மெதுவாகச் சுழலும் துடுப்பால் மூன்று நிமிடம் கலக்கி, இன்னொரு வாளிக்கு மாற்றி மறுபடி கலக்குங்கள். முதல் வாளியின் ஓரத்தில் ஒட்டிய கலக்காத பிசினைச் சுரண்டித் தரையில் போட்டால் அந்த இடம் இறுகவே இறுகாது. வெப்பம் 10 டிகிரி கூடினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். டின்னில் 20 டிகிரியில் 40 நிமிடம் என்று போட்டிருந்தால் நமக்கு இருபதுதான். கலந்ததும் வாளியில் வைத்திருக்காமல் தரையில் நீளக் கோடாக ஊற்றிவிடுங்கள். குவிந்திருக்கும் எப்பாக்ஸி தன் சூட்டிலேயே கொதித்துப் புகையும். என் மச்சான் ஒரு தொலைபேசி அழைப்பை எடுத்த நேரத்தில் ஒரு வாளி பாறையாகிவிட்டது.

மழையில் வழுக்காதா?

வழுக்கும், மோசமாக. கண்ணாடிபோல் மின்னும் எப்பாக்ஸி மூடிய கராஜுக்குச் சரி. சாரல் படும் போர்ச்சில், அதுவும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில், ஈரமான பூச்சின் மேல் சிலிக்கா மணலோ அலுமினியம் ஆக்சைடு துகளோ சீராகத் தூவி, அதன்மேல் மேல்பூச்சு போடுவது கட்டாயம். கையால் அள்ளி வீசாமல் உயரத்திலிருந்து கோழிக்குத் தீனி தூவுவதுபோல் தூவுங்கள். துடைப்பம் சீக்கிரம் தேயும் என்று வீட்டில் புகார் வரும். வரட்டும்.

எப்போது நடக்கலாம், எப்போது கார் விடலாம்?

நடக்க ஒரு நாள். கார் விட ஏழு நாள். அந்த ஏழு நாளுக்கு வெளியே எங்கே நிறுத்துவது என்று முதலிலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஐந்தாம் நாள் பொறுமை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

கோலம் போடலாமா? பொங்கல் அடுப்பு வைக்கலாமா?

மணல் தூவிய பூச்சில் கோலமாவு கோடு சரியாக விழாது. விழுந்தால் எளிதில் போகாது. கேட்டுக்கு உள்ளே ஒரு சதுர மீட்டரைப் பூசாமல் விடும்படி மனைவி உத்தரவிட்டார். நல்ல உத்தரவுதான். அதன் ஓரத்தில் மெல்லிய வெட்டுக் கோடு போட்டு, பூச்சை அந்தக் கோட்டுக்குள் முடித்தேன். இல்லாவிட்டால் உரிதல் அந்த ஓரத்தில்தான் தொடங்கும். வண்ணப்பொடிக் கறை ஏறாமலிருக்க அந்தச் சதுரத்துக்கு மட்டும் சிலிக்கேட் திரவம்.

பொங்கல் அடுப்பை நேரடியாகப் பூச்சின்மேல் வைக்காதீர்கள். சாதாரண எப்பாக்ஸி 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். சிமென்ட் பலகை விரித்து, அதன்மேல் செங்கல் அடுக்கி, அதன்மேல் அடுப்பு. பால் பொங்கி வழிந்தால் துடைத்துவிடலாம். அந்த வகையில் இந்தத் தரை வெறும் சிமென்ட்டைவிட உத்தமம். பட்டாசு இங்கே 1972 முதல் தடை, ஆகவே கவலை கம்பி மத்தாப்பு மட்டுமே. எரிந்து முடிந்த கம்பியைப் பிள்ளைகள் தரையில் போட்டால் புள்ளியாகக் கருகும். மணல் வாளி வையுங்கள், மறுநாள் எடுத்துவிடுங்கள்.

டைல் மேலேயே பூசலாமா?

டைலின் வழவழப்பைத் தேய்த்து எடுத்து, ஆடும் டைல்களைப் பெயர்த்துவிட்டு, தகுந்த அடிப்பூச்சோடு பூசலாம். நான் செய்ததில்லை. செய்த வீடுகளில் டைல் இடைக்கோடுகள் பூச்சின் வழியே தெரிவதைப் பார்த்திருக்கிறேன்.

வீவக வீட்டுக்குள் சிமென்ட் தரை வேண்டும் என்கிறார்களே?

அது வேறு வேலை. புதிய வீடுகளில் குளியலறைத் தரை, சுவர்ப் பதிப்புகளை முதல் மூன்று ஆண்டு எடுக்கக்கூடாது, நீர்க்காப்பு கெடும். தரைப் பூச்சும் அதன் அடிக்கலவையும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. வீட்டு வாசலுக்கு வெளியே உள்ள நடைபாதை உங்களுடையது அன்று, அதைத் தொடாதீர்கள்.

ஆள் வைத்துச் செய்தால் என்ன கேட்க வேண்டும்?

எத்தனை நாள் உத்தரவாதம் என்று கேட்காதீர்கள். தரையை எதனால் தேய்ப்பீர்கள், ஈரத்தை எப்படிச் சோதிப்பீர்கள், ஒவ்வொரு பூச்சும் எத்தனை மைக்ரான், மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "எல்லாம் ஒரே நாளில் முடித்துவிடலாம்" என்று பதில் வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். எனக்கு வந்த ஒருவர் தரையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நிற அட்டையை நீட்டினார்.

இப்போது உங்கள் தரை எப்படி இருக்கிறது?

சக்கரம் நிற்கும் இடங்களில் பளபளப்பு போய்விட்டது, உரியவில்லை. கேட் பக்கம் நிறம் மாறவில்லை. பூச்செடித் தொட்டி ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கொப்புளம் வந்து, வெட்டி எடுத்து மறுபடி பூசினேன். அந்த ஒட்டு பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். பிப்ரவரிக் காற்றில் பக்கத்து வீட்டு மாமரத்திலிருந்து பறந்து வந்த சருகுத் துண்டு ஒன்று மேல்பூச்சுக்குள் அப்படியே சிக்கிக் கிடக்கிறது. சுரண்டினால் அந்த இடத்தை மறுபடி பூச வேண்டும். விட்டுவிட்டேன்.